விமானம் ஏறுமுன்...

சென்னையிலோ திருச்சியிலோ, பன்னாட்டு விமானங்கள் புறப்படும் வாயிலருகே நள்ளிரவு வேளையில் சற்று நேரம் நின்று பாருங்கள். வாடகை வேன்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், ஊறுகாய்ப் பாட்டில்கள், கண்ணீரை அடக்கிக்கொண்டு நிற்கும் தாய், உறங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்திருக்கும் மனைவி என்று பிரிவின் காட்சி அங்கே நாள்தோறும் காணக் கிடைக்கும். உள்ளே சென்றவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையசைத்துவிட்டால், எல்லாரும் ஒருவாறு மனம் தேறி ஊர் திரும்புவார்கள். ஆனால் சில இரவுகளில், உள்ளே சென்றவர் அரைமணி நேரத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். என்ன நேர்ந்தது என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. "ஏதோ பேரில் தப்பாம்" என்பார். "ஏதோ தேதி போதாதாம்" என்பார்.

மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய டிக்கெட் அன்றிரவே பாழாகிறது. வேலைக்குச் சேர வேண்டிய நாள் தவறுகிறது. ஊரெல்லாம் சொல்லி விடைபெற்று வந்தவர், குற்றம் ஏதும் செய்யாமலே குற்றவாளியைப்போல் தலைகுனிந்து வீடு திரும்ப வேண்டியதாகிறது.

இவ்வகைத் துன்பங்களில் பல, விமான நிலையத்தில் பிறப்பவை அல்ல என்பதை நாம் உணர வேண்டும். மாதங்களுக்கு முன்னர், சில வேளைகளில் ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு விண்ணப்பத்தை அவசரமாக நிரப்பிய நாளில் அவை வித்திடப்பட்டுவிடுகின்றன. வித்து எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால் அதை முளையிலேயே களைந்துவிடலாம் அல்லவா?

இரு தாள்கள், இரு அரசுகள்

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வோம். பாஸ்போர்ட் நம் அரசு நமக்குத் தருவது. 'இவர் எம் நாட்டவர். இவரைத் தடையின்றிச் செல்ல விடுக' என்று பிற நாட்டாரைக் கேட்டுக்கொள்ளும் ஆவணம் அது. விசா, நாம் செல்ல விரும்பும் நாட்டின் அரசு தருவது. எதற்காக வரலாம், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம் என்று அது வரையறுக்கிறது. விசா இருப்பதாலேயே உள்ளே செல்லும் உரிமை முழுமையாகக் கிடைத்துவிடுவதில்லை. அந்நாட்டு விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் குடியேற்ற அதிகாரியே இறுதி முடிவு செய்கிறார்.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. எருசலேமின் மதிலைக் கட்டியெழுப்பப் புறப்பட்ட நெகேமியா, தாம் கடந்து செல்ல வேண்டிய நாடுகளின் ஆளுநர்களுக்குக் கடிதங்கள் தருமாறு பாரசீக மன்னனிடம் கேட்டுப் பெற்றார் என்று விவிலியத்தில் காண்கிறோம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நாலரை நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. இன்று நாம் காணும் சிறு புத்தக வடிவம், முதல் உலகப் போருக்குப் பின்னர் வந்தது. 1920ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாட்டில்தான் 32 பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான பாஸ்போர்ட் பரிந்துரைக்கப்பட்டது.

நம் நாட்டில் பாஸ்போர்ட் வழங்குவதும் மறுப்பதும் நெடுங்காலம் அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. 1967ஆம் ஆண்டு, சத்வந்த்சிங் சாஹ்னி என்பவர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் கூறாமல் அரசு பறிமுதல் செய்தது. அதனை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1978 ஜனவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பு, நியாயமான முறையைப் பின்பற்றாமல் இவ்வுரிமையில் கைவைக்க இயலாது என்று உறுதி செய்தது. ஆகவே பாஸ்போர்ட் என்பது யாரோ தயவு செய்து தரும் சலுகை என எண்ணி எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முறைப்படி கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. முறையறிந்து காக்கும் பொறுப்பும் நமக்கு உண்டு.

விமானக் கம்பெனி ஏன் தடுக்கிறது?

"நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று அந்த நாட்டு அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும்; டிக்கெட் விற்ற கம்பெனி ஏன் தடுக்கிறது?" என்று பலர் மனம் குமுறுவதுண்டு. காரணம் இதுதான். தகுந்த ஆவணமில்லாத பயணியை ஏற்றி வந்தால், அவரைத் திரும்ப அழைத்துச் செல்லும் பொறுப்பு அந்தக் கம்பெனியைச் சாரும். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையை ஒட்டி அமைந்த பன்னாட்டு விதிகள் இதனை வலியுறுத்துகின்றன. இதற்கு மேல் அபராதமும் உண்டு. பிரிட்டன் 1987ஆம் ஆண்டில் தலைக்கு 1,000 பவுன் என்று அபராதம் விதிக்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒரு இலட்சம் ரூபாய் அபராதத்துக்கு வழி செய்தது. ஐரோப்பிய நாடுகள் 2001இல் வகுத்துக்கொண்ட நெறிமுறையிலும் ஆயிரக்கணக்கான யூரோ அபராதத்துக்கு இடமிருக்கிறது.

எனவே கவுண்ட்டரில் அமர்ந்திருப்பவர், ஒவ்வொரு நாட்டின் விதிகளையும் தொகுத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். அது 'கூடாது' என்று காட்டிவிட்டால், நம் கண்ணீர் அவரது மனத்தைக் கரைத்தாலும் அவர் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அங்கே வாதிட்டுப் பயனில்லை. வாதம் தேவைப்படாதபடி ஆவணங்களைச் சீராக வைத்துக்கொள்வதே வழி.

பெயரில் பிறக்கும் தொல்லை

தமிழருக்கு நேரும் தொல்லைகளுள் முதன்மையானது பெயரைப் பற்றியது. உலகின் பெரும்பகுதியில் ஒருவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என இரண்டு உண்டு. நமக்கோ தந்தையின் பெயரின் முதலெழுத்தும் நம் பெயருமே வழக்கம். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். அதனால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் பதிவாகிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவிலோ உறவினரைக் காணும் விசாவிலோ வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பலர் திகைத்துப்போயினர். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. எனினும் அந்தச் சில நாட்களில் பயணம் வைத்திருந்தோர் பட்ட பாடு பெரிது. அமெரிக்க விசாவிலோ, குடும்பப் பெயரில்லாதவரின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக மாற்றப்பட்டு, சொந்தப் பெயரின் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்படுகின்றன. பின்னர் அந்நாட்டில் பெறும் ஆவணங்களிலும் இக்குழப்பம் தொடர இடமுண்டு.

இதற்குத் தீர்வு என்ன? புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்போர், தந்தை பெயரை அல்லது தங்களுக்குரிய இரண்டாம் பெயரை முழுமையாக எழுதிக் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்புவது நலம். முதலெழுத்தைச் சுருக்கமாக எழுதலாகாது. விரித்தே எழுத வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் எவ்வாறு உள்ளதோ, எழுத்துக்கு எழுத்து அவ்வாறே எழுத வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயருக்கும் நாம் விரும்பும் பெயருக்கும் அங்கே இடமில்லை.

நம் கிறிஸ்தவப் பெயர்களிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்தோணி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். இறுதியில் 'ஒய்' போடுவோரும் உண்டு. 'ஐ' போடுவோரும் உண்டு. ஆரோக்கியமேரி என்பதை ஒரு சொல்லாக எழுதுவார் ஒருவர். இரு சொல்லாகப் பிரிப்பார் மற்றொருவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதார் அட்டையில் வேறொன்று என ஒரே ஆள் மூன்று ஆட்களாக நிற்கின்ற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஊரில் இதனால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு உறவுமுறை தெரியாது. ஓர் எழுத்து மாறினால் அது வேறு மனிதர் என்றே கொள்ளும். மகனின் பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், தந்தையின் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் இருந்தால், 'இவர் என் தந்தை' என்று காட்டி விசா பெறுவதே பெரும்பாடாகிவிடும்.

பிறப்பும் திருமணமும்

முன்பெல்லாம் பலருக்கும் பிறந்த நாளுக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடே சான்றாக விளங்கியது. ஆலயத்தின் அந்தப் பதிவேடு அருள்வாழ்வுக்குரிய சான்று. பாஸ்போர்ட் அலுவலகம் கேட்பது அரசின் சான்று. 2023 அக்டோபர் முதல் தேதியன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்கு, அரசின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்குரிய சான்றாக ஏற்கப்படும் என்று 2025ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தோருக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போன்ற பிறவும் உதவும். எனவே குழந்தை பிறந்தவுடன் பதிவு செய்துகொள்வதோடு நின்றுவிடாமல், ஞானஸ்நானத்தில் சூட்டும் பெயரையே அரசுப் பதிவேட்டிலும் காலம் தாழ்த்தாமல் சேர்த்துவிட வேண்டும். மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போது பெயர்க் கட்டம் வெறுமையாக விடப்பட்டு, ஆண்டுகள் பல கழிந்தபின் அதற்காக அலைவோர் பலர்.

திருமணத்திலும் இத்தகைய கவனம் தேவை. வெளிநாட்டில் பணிபுரியும் கணவர் மனைவியை அழைத்துக்கொள்ள விரும்பினால், திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் எல்லாச் சமயத்தார் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சான்றிதழைப் பெற்றபின் அதனை நம் வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்து முத்திரையிட வேண்டும். ஹேக் நகரின் பெயரால் வழங்கும் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்னும் அந்த ஒரு முத்திரையே போதும். அமீரகம் போன்று அதில் சேராத நாடுகளுக்கு, அந்நாட்டுத் தூதரகத்தின் கையொப்பமும் வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் நாட்கள் பிடிக்கும். விடுமுறையில் வந்து, மணமுடித்து, மாத இறுதியில் மனைவியோடு பறந்துவிடலாம் என்று கணக்கிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

மணமான பெண்கள் டிக்கெட்டில் கணவர் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டு, தந்தையின் பெயர் தாங்கிய பழைய பாஸ்போர்ட்டோடு செல்வதும் உண்டு. பாஸ்போர்ட்டை மாற்றும்வரை டிக்கெட்டில் பழைய பெயரே இருக்க வேண்டும்.

தேதியும் பக்கமும்

"என் பாஸ்போர்ட் இன்னும் நான்கு மாதம் செல்லுமே!" என்று வியப்போடு கேட்பவர்களைக் காண்கிறோம். செல்லும், ஆனால் பயணத்துக்கு அது போதாது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், இலங்கை முதலிய பல நாடுகள், வருகிற நாளிலிருந்து குறைந்தது ஆறு மாத ஆயுள் பாஸ்போர்ட்டுக்கு இருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் ஒப்பந்தத்தில் இணைந்த ஐரோப்பிய நாடுகள், தங்கள் எல்லையை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாத ஆயுளைக் கேட்கின்றன. எனவே பத்தாண்டு பாஸ்போர்ட்டை ஒன்பதாண்டு பாஸ்போர்ட் என்று மனத்தில் குறித்துக்கொண்டால் ஏமாற்றம் நேராது.

பெற்றோர் தம் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பார்க்க மறந்துவிடுகின்றனர். முற்காலத்தில் தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகளின் பெயரையும் எழுதுவதுண்டு. அவ்வழக்கம் ஒழிந்து, கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்றாகிவிட்டது. சிறுவர்களுடையது பத்தாண்டு செல்லாது, ஐந்தாண்டே செல்லும். கையால் எழுதிய பழைய பாஸ்போர்ட்டுகளும் 2015 நவம்பர் 24ஆம் தேதியோடு பன்னாட்டு விதிப்படி வழக்கொழிந்தன. பெட்டியில் பத்திரமாக இருக்கும் தாத்தாவின் பாஸ்போர்ட், நினைவுப் பொருளாக மட்டுமே உதவும்.

வெறுமையான பக்கங்கள் இரண்டேனும் இருக்க வேண்டும். கிழிந்த பக்கம், நனைந்து குழைந்த அட்டை, குழந்தை கிறுக்கிய கோடு இவற்றைக் கண்டாலும் அதிகாரி மறுக்கலாம். துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்திய பாஸ்போர்ட்டை நம்பிப் புறப்பட வேண்டாம். சேதமுற்றது என்று தெரிவித்துப் புதியது பெறுவதே முறை.

இடையில் இறங்கும் நாடு

நேரே செல்லும் விமானம் இல்லாதபோது, இடையில் ஒரு நாட்டில் இறங்கி வேறு விமானம் ஏறுகிறோம். 'அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லையே' என்று எண்ணி, அந்நாட்டின் விதியைக் கேட்க மறந்துவிடுகிறோம். அமெரிக்கா, தன் விமான நிலையத்தில் விமானம் மாறுவோருக்கும் விசா வேண்டும் என்கிறது. விசா இல்லாமல் கடந்து செல்லும் சலுகையை 2003 ஆகஸ்டில் அது நிறுத்திவிட்டது. கனடா வழியே தென் அமெரிக்கா செல்வோருக்கும் இத்தகைய அனுமதி தேவைப்படும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கம்பெனிகளில் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுப்பதிலும் ஆபத்து உண்டு. முதற் கம்பெனி பெட்டியை இடைவழி ஊரோடு இறக்கிவிடும். அதை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமானால், குடியேற்றச் சோதனையைக் கடந்து அந்நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கு விசா? சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், முழுத் தொகையையும் இழப்பது இவ்வாறுதான்.

ஆவணமில்லாமல் இடைவழியில் சிக்கியவர்களின் கதைகளுள், மெஹ்ரான் கரிமி நாசேரி என்னும் ஈரானியரின் கதை உலகறிந்தது. 1988ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் அவர் முடங்கினார். அகதி என்பதற்கான தம் தாள்கள் பறிபோயின என்றார். நாட்டுக்குள் செல்லவும் வழியில்லை. வேறு நாட்டுக்குப் புறப்படவும் வழியில்லை. பயணிகளின் இருக்கையே படுக்கை, பெட்டிகளே வீடு. 1999இல் பிரெஞ்சு அரசு தாள்களை வழங்க முன்வந்தபோது, நெடுநாள் தனிமையில் நொந்துபோன அவர் மனம் அதை ஏற்க மறுத்துவிட்டது. 2006வரை, ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அங்கேயே கழித்தார். 2022 நவம்பரில் அவர் உயிர் பிரிந்ததும் அதே விமான நிலையத்தில்தான். தாள் ஒன்று இல்லாமற்போனால் மனிதன் எங்கும் உரியவனல்லன் என்றாகிவிடும் கொடுமைக்கு அவர் வாழ்வே சான்று.

வேலை தேடிச் செல்வோர்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட், 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்னும் வகையைச் சேர்ந்தது. மக்கள் வழக்கில் இதனை 'ஈ.ஸி.ஆர்.' என்பர். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வகுத்த முறை இது. வெறும் தடையென்று இதனை எண்ண வேண்டாம். ஒப்பந்தம் உண்மையானதா, ஊதியம் எவ்வளவு என்று பார்த்தபின் தரப்படும் அனுமதி இது. இதனோடு, பத்து இலட்சம் ரூபாய்க் காப்பீடும் சேர்ந்து வருகிறது. செவிலியர்களுக்கு, அவர்கள் எவ்வளவு படித்திருந்தாலும், இந்நாடுகளுக்குச் செல்ல இவ்வனுமதி கட்டாயம் என்று 2015இல் விதிக்கப்பட்டது. செவிலியரைத் தேர்ந்து அனுப்பும் பணி அரசு சார்ந்த நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1978 முதல் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று.

இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகச் சில ஏஜெண்டுகள் கூறும் குறுக்குவழி: "சுற்றுலா விசாவில் போய்விடுங்கள்; அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்." இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்பவர், அந்நாட்டின் கண்ணில் சட்டத்தை மீறியவர். ஊதியம் தராவிட்டாலும் வழக்குத் தொடுக்க அஞ்சுவார். நோயுற்றாலும் வெளியே வர அஞ்சுவார். நாள் கடந்து தங்கியதற்கான அபராதம் நாளுக்கு நாள் ஏறும். 2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டப்பட்டு, எளிதில் கிடைக்கும் விசாவில் சென்ற நம் இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிறைப்பட்டனர். தமிழ் இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். அரசின் முயற்சியால் பலர் மீட்கப்பட்டனர். மெத்தப் படித்தவர்களும் இவ்வலையில் விழுந்தார்கள் என்பதை மறத்தலாகாது.

ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்று வரம்பு கட்டப்பட்டுள்ளது. இலட்சங்களைக் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று சிந்திக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் முதலாளி, "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் எந்நாளும் இந்திய அரசின் உடைமை என்பது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். அதனை அடகுபோல் பிடித்துவைக்கத் தனியார் எவருக்கும் உரிமையில்லை. இந்தியத் தூதரகத்தில் தயங்காமல் முறையிடலாம்.

புனித நாட்டுக்கும் மறைபணித் தளங்களுக்கும்

புனித நாட்டுத் திருப்பயணக் குழுக்கள் பெரும்பாலும் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என மூன்று நாடுகளைத் தொட்டுச் செல்கின்றன. சென்ற வழியே திரும்புவதானால், அந்நாட்டுக்கு இருமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசாவோடு எல்லையைக் கடந்துவிட்டால் திரும்பும்போது தடைப்படுவோம். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. லெபனான் போன்ற சில அரபு நாடுகள், இஸ்ரேல் சென்று வந்த அடையாளம் உள்ள பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை. 2013 முதல் இஸ்ரேல் பாஸ்போர்ட்டில் முத்திரையிடாமல் தனிச் சீட்டு ஒன்றைத் தருகிறது. அச்சீட்டை நாடு கடக்கும்வரை தொலைக்கலாகாது. எனினும் தரைவழி எல்லையில் எகிப்தோ ஜோர்டானோ இடும் முத்திரையே நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைக் காட்டிவிடும். அரபு நாட்டில் உள்ள பிள்ளையைப் பின்னர் காணச் செல்லக் கருதும் பெற்றோர், அந்நாட்டின் விதியை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றும் நம் குருக்களையும் அருட்சகோதரிகளையும் காணச் செல்வோருக்கு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்தபின்னரே அது செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் இதற்கு வசதியுண்டு. சான்றிதழ் இல்லாமல் அந்நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பினால், நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாட்கள்வரை தனித்து வைக்கப்பட நேரும்.

வெளிநாட்டில் தொலைந்துவிட்டால்

முதலில் அவ்வூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் பெற வேண்டும். அதனோடு இந்தியத் தூதரகத்தை அணுகினால், புதிய பாஸ்போர்ட்டோ, தாயகம் திரும்ப மட்டும் உதவும் அவசரச் சான்றிதழோ தருவார்கள். பாஸ்போர்ட்டோடு விசாவும் போய்விட்டதல்லவா? எனவே வெளியேறுவதற்கான அனுமதியை அந்நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் பெற வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், விசா இவற்றின் நகல் கைவசம் இருந்தால் இவ்வேலை விரைவில் முடியும்.

கையில் பணமின்றித் தவிப்போருக்கு உதவுவதற்கென இந்தியத் தூதரகங்களில் 2009ஆம் ஆண்டு முதல் ஒரு நல நிதி உண்டு. காவலில் வைக்கப்பட்டவர், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அளிக்கிறது. மொழி தெரியாத இடத்தில் புரியாத தாளில் கையெழுத்திடுமுன், 'இந்தியத் தூதரகம்' என்ற அந்த இரு சொற்களையேனும் உரக்கச் சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து அனுப்ப வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

டிக்கெட் எடுக்குமுன் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பின்வருவனவற்றைச் சரிபார்க்கலாம்:

1. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளதா? பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் விசாவில் பிழையின்றி உள்ளனவா?

2. திரும்பும் நாளுக்குப் பின்னும் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் உண்டா? குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கும் உண்டா?

3. விசா எந்த வகை? வேலைக்குச் செல்பவருக்கு வேலை விசாதானா? புரியாத மொழியில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டியாயிற்றா?

4. இடையில் இறங்கும் நாட்டின் விதி என்ன? பெட்டி கடைசி ஊர்வரை நேரே செல்லுமா?

5. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து செல்வோர், வந்திறங்குமுன் மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அந்நாட்டு அரசுகள் கட்டணம் கேட்பதில்லை. கட்டணம் கேட்பது போலித் தளம் என்று அறிக.

6. திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, அழைத்தவரின் தொலைபேசி எண் இவை தாளில் எழுதப்பட்டுக் கையில் உள்ளனவா? செல்பேசியை மட்டும் நம்பினால், அதன் மின்சாரம் தீர்ந்த வேளையில் கைகொடுப்பார் இல்லை.

7. எல்லா ஆவணங்களின் நகலும் ஒன்று வீட்டிலும், ஒன்று பயணியின் பெட்டியிலும் இருக்கின்றனவா?

விதிகள் அடிக்கடி மாறும். போன ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் சென்று வந்த விதத்தை வைத்து இவ்வாண்டு புறப்படலாகாது. அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பையே இறுதியாகக் கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் பெறுவதற்குச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. 2017 முதல் அஞ்சலகங்கள் சிலவற்றிலும் சேவை மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. இடைத்தரகர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம்.

நம் பங்குகளில் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் இருக்கின்றனர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி, வெளிநாடு செல்லவிருப்போரின் தாள்களைப் படித்துப் பார்த்து, பிழையிருந்தால் சுட்டிக்காட்ட அவர்கள் முன்வரலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு விதவைத் தாய், தன் காணி நிலத்தை ஈடுவைத்து மகனை அனுப்புகிறாள். அவன் கையிலிருப்பது வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்று படித்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்த நிலமும் தப்பும். அந்த மகனும் தப்புவான்.